பாஸ்வேர்டு சரி, கணினி திறக்கவில்லை: பலர் பயன்படுத்தும் கணினியில் கணக்கு, மொழி, செட்டிங் கோளாறுகளைச் சரிசெய்வது எப்படி

குன்னூர், கோத்தகிரி, கூடலூர்ப் பக்கம் நான் பார்க்கும் கணினிகளில் ஒருவருக்கே சொந்தமானவை குறைவு. தேயிலைத் தொழிற்சாலை அலுவலகத்தில் பகலுக்கு ஒருவர், இரவுக்கு ஒருவர் உட்காருகிறார்கள். லாட்ஜ் வரவேற்பில் மூன்று பேர் மாறி மாறி உட்காருவார்கள். ஜெராக்ஸ் கடை என்றால் கேட்கவே வேண்டாம். இங்கிருந்து வரும் புகார்கள் சுற்றிச் சுற்றி அதேதான்: உள்ளே போக முடியவில்லை, டெஸ்க்டாப் காலியாகிவிட்டது, தேதி குழம்புகிறது, தமிழ் வரவில்லை, வைத்த செட்டிங் நிற்கவில்லை. இவை எல்லாவற்றுக்கும் ஊரில் கிடைக்கும் முதல் பதில், "ஃபார்மட் போட்டுடலாங்க."

போடாதீர்கள். இந்தக் கோளாறுகளில் மிகப் பெரும்பாலானவற்றில் கணினியில் எதுவும் கெட்டிருக்காது. ஒருவருடைய கணக்கில் இருப்பது இன்னொருவர் கணக்கில் இல்லை, அவ்வளவுதான். அதனால் எதைத் தொடுவதற்கு முன்பும் ஸ்டார்ட் மெனுவைத் திறந்து, கீழே எந்தப் பெயர் தெரிகிறது என்று பாருங்கள். சாவித்திரி அக்கா கணக்கில் உட்கார்ந்துகொண்டு தன் ஃபைல்களைத் தேடும் ஆட்கள் நிறைய உண்டு.

கீழே சொல்வது விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் பொருந்தும். (10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்த வழக்கமான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. மலையில் இன்னும் நிறைய கணினிகள் அதில்தான் ஓடுகின்றன.)

## அறிகுறி 1: பாஸ்வேர்டு சரியாகத்தான் அடிக்கிறேன், தவறு என்கிறது

முதலில் கை வைக்க வேண்டியது கண் படத்தில். பாஸ்வேர்டு அடிக்கத் தொடங்கியதும் கட்டத்தின் வலது ஓரத்தில் ஒரு கண் வரும். அதை அழுத்திப் பிடித்தால் நீங்கள் அடித்தது அப்படியே தெரியும். என்ன தெரிகிறது என்பதைப் பொறுத்து வழி பிரிகிறது.

எழுத்துகள் பெரிதாகவோ, எண்கள் விட்டுப்போயோ தெரிந்தால்: கேப்ஸ் லாக் அல்லது நம் லாக். முடிந்தது.

தமிழ் எழுத்துகள் தெரிந்தால்: திரையின் கீழ் வலது மூலையில் மொழியின் பெயர் சுருக்கமாக இருக்கும். விண்டோஸ் விசையைப் பிடித்துக்கொண்டு ஸ்பேஸ் பாரைத் தட்டி ஆங்கிலத்துக்கு மாற்றுங்கள். தினமும் இப்படித் தமிழிலேயே நிற்கிறது என்றால், நுழைவுத் திரைக்கென்று தனியாக ஒரு மொழிப் பட்டியல் இருக்கிறது, அதில் தமிழ் ஏறியிருக்கிறது. உள்ளே போனதும் பழைய கன்ட்ரோல் பேனலில் ரீஜன் என்பதைத் திறந்து, அட்மினிஸ்ட்ரேட்டிவ் பகுதியில் காப்பி செட்டிங்ஸ் பொத்தானை அழுத்துங்கள். கீழே இரண்டு கட்டங்கள் இருக்கும். ஒன்று வரவேற்புத் திரைக்கு, மற்றது இனி உருவாக்கப்போகும் கணக்குகளுக்கு. ஆங்கிலம் முதலில் இருக்கும் கணக்கிலிருந்து முதல் கட்டத்தை மட்டும் டிக் செய்தால் போதும். ஏற்கெனவே உள்ள மற்றவர்களின் கணக்கை இது தொடாது.

@ இருக்க வேண்டிய இடத்தில் இரட்டை மேற்கோள் குறி தெரிந்தால்: கீபோர்டு பிரிட்டிஷ் ஆங்கில அமைப்பில் இருக்கிறது. அதில் ஷிஃப்டும் 2-ம் சேர்ந்தால் @ வராது, மேற்கோள் குறிதான் வரும். இரண்டும் இடம் மாறியிருக்கும். ஷிஃப்டும் 3-ம் அழுத்திப் பார்த்து பவுண்டு குறி வந்தால் சந்தேகமே இல்லை. வெள்ளைக்காரன் ஊட்டியை விட்டுப் போய் இத்தனை வருடம் ஆகியும் அவன் கீபோர்டு இங்கே சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. விண்டோஸ் போடும்போது மொழிப் பட்டியலில் அவசரமாகத் தேர்ந்தெடுத்ததன் விளைவு இது. உடனடித் தீர்வு விண்டோஸ் விசையும் ஸ்பேஸும். நிரந்தரத் தீர்வு, உள்ளே போனதும் மொழிப் பட்டியலிலிருந்து பிரிட்டிஷ் ஆங்கிலத்தை நீக்குவது.

ஒரு எழுத்து மட்டும் வராமலோ, இரண்டாக வந்தாலோ: கீபோர்டில் ஈரம். ஜூன் தொடங்கி கூடலூர், பந்தலூர்ப் பக்கம் இது சாதாரணம். கீழ் மூலையில் உள்ள அணுகல் படத்தை அழுத்தினால் திரைக் கீபோர்டு வரும், மவுஸால் பாஸ்வேர்டை அடித்து உள்ளே போகலாம். போனதும் கீபோர்டை மாற்றிவிடுங்கள். ஹீட்டர் முன்னால் காயவைத்துப் பிழைக்க வைக்கும் முயற்சி சில நாள் தாங்கும், மறுபடி அதே கதைதான்.

தெரிவது எல்லாம் சரி, ஆனாலும் மறுக்கிறது: மூன்று விஷயம் பாருங்கள். ஒன்று, கீழ் இடது மூலையில் உள்ள பெயர்களில் உங்கள் பெயர்தான் தேர்வாகியிருக்கிறதா. இரண்டு, அது கேட்பது பாஸ்வேர்டா, பின் எண்ணா. பின் எண் அந்த ஒரு கணினிக்கு மட்டும் உரியது, வீட்டுக் கணினியின் பின் எண் இங்கே செல்லாது. சைன்-இன் ஆப்ஷன்ஸ் என்பதை அழுத்தினால் இரண்டுக்கும் இடையே மாறலாம். மூன்று, மைக்ரோசாஃப்ட் கணக்கின் பாஸ்வேர்டைச் சமீபத்தில் ஃபோனில் மாற்றினீர்களா. நெட் இல்லாத கணினிக்கு அந்த மாற்றம் தெரியாது, பழைய பாஸ்வேர்டைத்தான் ஏற்கும். மழையில் நெட் போயிருக்கும் நாட்களில் இந்தப் புகார் தவறாமல் வரும். பழையதை அடித்துப் பாருங்கள்.

மறந்தே போய்விட்டால்: மைக்ரோசாஃப்ட் கணக்கு என்றால் ஃபோனிலேயே பாஸ்வேர்டை மாற்றிவிட்டு, கணினியை நெட்டில் இணைத்து நுழையுங்கள். கணினிக்குள் மட்டும் உள்ள லோக்கல் கணக்கு என்றால், ஒரு முறை தவறாக அடித்ததும் ரீசெட் பாஸ்வேர்டு என்ற வரி வரும். கணக்குத் தொடங்கியபோது கொடுத்த மூன்று கேள்விகளுக்கும் பதில் சொன்னால் திறக்கும். கேள்விகளே வைக்கவில்லை என்றால், அதே கணினியில் அட்மின் உரிமை (கணினி முழுவதையும் மாற்றும் அனுமதி) உள்ள இன்னொருவர் தன் கணக்கிலிருந்து உங்கள் பாஸ்வேர்டை மாற்றித் தரலாம். அப்படி மாற்றினால் உங்கள் கணக்கில் விண்டோஸ் சேமித்து வைத்திருந்த பாஸ்வேர்டுகளும், விண்டோஸ் வழியாகப் பூட்டிவைத்த ஃபைல்களும் கைவிட்டுப் போகும். மற்றவை அப்படியே இருக்கும்.

ஊகித்து ஊகித்து அடித்துக்கொண்டே இருக்காதீர்கள். விண்டோஸ் 11-இன் 2022 பதிப்பிலிருந்து புதிதாக நிறுவிய கணினிகளில் பத்து முறை தவறினால் பத்து நிமிடம் கணக்கு பூட்டிக்கொள்ளும்.

ஆளைக் கூப்பிட வேண்டிய இடம்: கணினியில் ஒரே ஒரு லோக்கல் அட்மின் கணக்கு, பாஸ்வேர்டு தெரியாது, கேள்விகளும் இல்லை. அல்லது நீல நிறத் திரையில் பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதி) 48 இலக்க மீட்பு எண் கேட்கிறது. இரண்டாவதற்கு ஆள் வந்தாலும் அந்த எண் இல்லாமல் ஒன்றும் செய்ய முடியாது. அந்தக் கணினியில் முதலில் பயன்படுத்திய மைக்ரோசாஃப்ட் கணக்கில், சாதனங்களின் பட்டியலில், அது பெரும்பாலும் சேமிக்கப்பட்டிருக்கும். முன்பு வேலை பார்த்தவரின் கணக்காக இருந்தால் அவரைத் தேடிப் பிடிப்பதுதான் வழி.

## அறிகுறி 2: உள்ளே போனதும் தேதி தப்பு, நெட்டில் எதுவும் திறக்கவில்லை, கணக்கு மறுபடி மறுபடி நுழையச் சொல்கிறது

கடிகாரத்தைப் பாருங்கள். தேதி சில வருடம் பின்னால் போயிருந்தால் பிரவுசர் எந்த இணையதளத்தையும் நம்பாது, மைக்ரோசாஃப்ட் கணக்கும் வேலை செய்யாது.

சரியாக ஐந்தரை மணி நேரம் வித்தியாசம்: இது பேட்டரி அல்ல. அதே கணினியில் விண்டோஸ் போன்ற இன்னொரு இயங்குதளமான லினக்ஸும் இருக்கிறது. லினக்ஸ் கணினியின் உள் கடிகாரத்தை உலகப் பொது நேரத்தில் வைக்கும், விண்டோஸ் அதையே இந்திய நேரம் என்று படிக்கும். செட்டிங்ஸில் தேதி, நேரப் பகுதியில் சின்க் நவ் என்பதை அழுத்தினால் அப்போதைக்குச் சரியாகும். நிரந்தரமாகச் சரிசெய்ய, உள் கடிகாரத்தை உள்ளூர் நேரத்தில் வைக்கும்படி லினக்ஸில் மாற்ற வேண்டும். லினக்ஸ் இல்லாமலே அந்த ஐந்தரை மணி வந்தால் டைம் ஸோன் தப்பாக இருக்கிறது.

தினமும் காலையில் தேதி பின்னால் போகிறது: மதர்போர்டில் காசு போல இருக்கும் சி.ஆர். 2032 பேட்டரி தீர்ந்துவிட்டது. இடி மின்னலுக்குப் பயந்து இங்கே எல்லோரும் இரவில் மெயின் சுவிட்சையே அணைத்துவிடுவார்கள். மின்சாரம் முழுதாக நின்றால் கடிகாரம் அந்தப் பேட்டரியில் மட்டும்தான் ஓடும், அதனால் சீக்கிரம் தீரும். கைக்கடிகாரம் பழுது பார்க்கும் கடையிலேயே கிடைக்கும். கணினியை அணைத்து, வயரைப் பிடுங்கி, பக்கத்து மூடியைக் கழற்றி மாற்றிவிடலாம். ஆனால் சேமிப்பகம் பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருந்தால் முதலில் அந்த 48 இலக்க எண்ணைக் குறித்து வையுங்கள். பேட்டரி மாற்றியபின் பயாஸ் (மதர்போர்டின் அடிப்படை) செட்டிங் பழைய நிலைக்குப் போகலாம், அப்போது அந்த எண்ணைக் கேட்கும்.

புதுப் பேட்டரி போட்டும் தேதி நிற்கவில்லை என்றால் மதர்போர்டு. அதை எடுத்துக்கொண்டு போக வேண்டியதுதான்.

## அறிகுறி 3: டெஸ்க்டாப் காலி, ஃபைல் எதையும் காணோம்

"அண்ணா, நாலு வருஷக் கணக்குங்க, ஒண்ணுமே இல்லீங்க" என்று அழாத குறையாக ஃபோன் வரும். நான் முதலில் கேட்பது, நுழைந்தபோது மூலையில் ஏதாவது செய்தி வந்ததா என்றுதான். அதைப் பொறுத்துத்தான் வழி.

செய்தி எதுவும் வரவில்லை

டெஸ்க்டாப்பின் காலி இடத்தில் வலது கிளிக் செய்து, வியூ என்பதில் ஷோ டெஸ்க்டாப் ஐகான்ஸ் டிக் ஆகியிருக்கிறதா பாருங்கள். ஆச்சரியப்படும் அளவுக்கு இதுதான் காரணமாக இருக்கும். இல்லையென்றால், நீங்கள் வேறு யாருடைய கணக்கிலாவது இருக்கிறீர்களா என்று பாருங்கள். அதுவும் இல்லையென்றால் ஒன்டிரைவ், ஃபைல்களை நெட்டில் சேமிக்கும் மைக்ரோசாஃப்ட் சேவை. அது கேட்கும் கேள்விக்கு யாராவது சரி என்று அழுத்தியிருந்தால், டெஸ்க்டாப்பும் டாக்குமென்ட்ஸும் ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள் இடம் மாறியிருக்கும். அந்த ஃபோல்டரைத் திறந்தால் உள்ளே இன்னொரு டெஸ்க்டாப் இருக்கும், எல்லாம் அங்கே பத்திரமாக இருக்கும். ஒன்டிரைவை அவசரப்பட்டு அன்இன்ஸ்டால் செய்துவிடாதீர்கள். முதலில் அதன் செட்டிங்கில் பேக்கப்பை நிறுத்தி, ஃபைல்களைக் கணினிக்கு இறக்கிக்கொண்டு பிறகு செய்யலாம்.

தற்காலிகக் கணக்கில் நுழைந்திருக்கிறீர்கள் என்று செய்தி வந்தது

உங்கள் உண்மையான கணக்கை விண்டோஸால் படிக்க முடியவில்லை, அதனால் வெறும் கணக்கு ஒன்றைத் தந்திருக்கிறது. இதில் நீங்கள் சேமிக்கும் எதுவும் வெளியே வந்ததும் அழிந்துபோகும். அதனால் முதல் வேலை, வேலையை நிறுத்துவது.

மரம் விழுந்து கரன்ட் போய், கணினி எழுதிக்கொண்டிருக்கும்போதே அணைந்திருந்தால் இது வரும். வரிசையாகப் பாருங்கள்.

முதலில் சைன் அவுட் செய்து, கணினியை முழுதாக ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஆன்டிவைரஸ் அந்த நேரத்தில் ஃபைலைப் பிடித்து வைத்திருந்தாலும் இப்படி ஆகும். இன்னொரு முறை ரீஸ்டார்ட் செய்தால் பல நேரம் தானாகச் சரியாகிவிடும்.

சரியாகவில்லை என்றால் சி டிரைவில் யூசர்ஸ் ஃபோல்டரைத் திறந்து பாருங்கள். உங்கள் பெயரில் ஃபோல்டர் இருந்தால் நிம்மதியாக ஒரு டீ குடிக்கலாம், எதுவும் போகவில்லை. அந்த ஃபோல்டரை அட்மின் உரிமை உள்ள இன்னொரு கணக்கிலிருந்து வெளி ஹார்டு டிஸ்க்குக்கு நகல் எடுங்கள். நகல் எடுத்து முடிக்கும்வரை வேறு எதையும் செய்யாதீர்கள். கணக்கு எழுதும் டேலி பிரைமை வழக்கமான இடத்தில் நிறுவியிருந்தால் அதன் டேட்டா யூசர்ஸுக்குள் இருக்கும் பப்ளிக் ஃபோல்டரில் தனியாக இருக்கும், அதையும் சேர்த்து எடுங்கள். சி டிரைவில் இடம் மிச்சம் இருக்கிறதா என்றும் அப்படியே பார்த்துவிடுங்கள். நிரம்பி வழிந்தாலும் கணக்குகள் இப்படித் தடுமாறும்.

அடுத்த படி ரெஜிஸ்ட்ரி, விண்டோஸ் தன் செட்டிங்குகளையெல்லாம் எழுதி வைத்திருக்கும் இடம். கை நடுங்குபவர்கள் இங்கே நிறுத்திக்கொண்டு ஆளைக் கூப்பிடலாம், தப்பில்லை. ரெஜிஸ்ட்ரி எடிட்டரில் எச்கீ லோக்கல் மெஷின், சாஃப்ட்வேர், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ் என்டி, கரன்ட் வெர்ஷன், ப்ரொஃபைல் லிஸ்ட் என்று போங்கள். அந்த ஃபோல்டரை முதலில் எக்ஸ்போர்ட் செய்து நகல் வைத்துக்கொள்ளுங்கள். எஸ்-1-5-21 என்று தொடங்கும் நீண்ட பெயர்கள் இருக்கும். அவற்றில் ஒரே எண் இரண்டு முறை வந்து, ஒன்றின் கடைசியில் மட்டும் புள்ளி வைத்து பி, ஏ, கே என்று இருந்தால் அதுதான் ஆள். பி, ஏ, கே உள்ளதைத் திறந்து, ப்ரொஃபைல் இமேஜ் பாத் என்ற வரியில் உங்கள் பெயருள்ள ஃபோல்டர் இருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். பிறகு அந்த வால் இல்லாததன் பெயரின் கடைசியில் வேறு ஏதாவது சேர்த்து ஒதுக்குங்கள், வால் உள்ளதிலிருந்து வாலை நீக்குங்கள், ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

இரட்டைப் பெயர் இல்லை, அல்லது மாற்றியும் பயனில்லை என்றால் கணக்கின் உள் ஃபைலே கெட்டிருக்கிறது. புதுக் கணக்கு ஒன்று தொடங்கி, பழைய ஃபோல்டரிலிருந்து டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ், டவுன்லோட்ஸ் ஆகியவற்றை மட்டும் கொண்டு வாருங்கள். ஃபோல்டரை முழுதாக அப்படியே ஒட்டினால் கோளாறும் சேர்ந்து வந்துவிடும்.

ஆளைக் கூப்பிட வேண்டிய இடம்: சரிசெய்தும் சில நாளில் மறுபடி தற்காலிகக் கணக்கு வருகிறது, நகல் எடுக்கும்போது ஃபைல் படிக்க முடியவில்லை என்கிறது, டிஸ்க்கிலிருந்து டக் டக் என்று சத்தம் வருகிறது. இதில் எது இருந்தாலும் கணினியை அணைத்துவிடுங்கள். டிஸ்க் போய்க்கொண்டிருக்கிறது, ஓடவிட ஓடவிட மிச்சமும் போகும். டேட்டா மீட்புக்குக் கோவை வரை இறங்க வேண்டியிருக்கும். புது டிஸ்க் வாங்கும்போது யூபிஎஸ் பேட்டரியையும் சோதித்துப் பாருங்கள். வெறும் அலங்காரத்துக்கு நிற்கும் யூபிஎஸ் பல அலுவலகங்களில் இருக்கிறது.

## அறிகுறி 4: மெனு எல்லாம் வேறு மொழிக்கு மாறிவிட்டது

படிக்கத் தெரியாத மொழியில் செட்டிங்ஸைத் தேடுவது எரிச்சலான வேலை. இடத்தை வைத்துப் பிடியுங்கள். விண்டோஸ் விசையும் ஐ விசையும் சேர்த்து அழுத்தினால் எந்த மொழியிலும் செட்டிங்ஸ் திறக்கும். விண்டோஸ் 11-இல் இடப்பக்கப் பட்டியலில் கடிகாரப் படம், மேலே வீட்டுப் படம் இருந்தால் மேலிருந்து எட்டாவது, இல்லையென்றால் ஏழாவது. அதை அழுத்தி, வலப்பக்கம் இரண்டாவது வரி. உள்ளே முதலில் இருக்கும் பெட்டிதான் விண்டோஸ் காட்டும் மொழி. ஆங்கிலத்தைத் தேர்ந்தெடுத்து, சைன் அவுட் செய்து மறுபடி நுழையுங்கள்.

எதிர்ப் பக்கம்: தமிழில் வேண்டும், வரவில்லை. முதலில் சிஸ்டம், அபௌட் பக்கத்தில் எடிஷன் என்ன என்று பாருங்கள். ஹோம் சிங்கிள் லாங்குவேஜ் என்று இருந்தால் அங்கேயே கதை முடிந்தது. இந்தியாவில் விற்கும் பல கணினிகள் இதோடுதான் வருகின்றன, காட்டும் மொழியை மாற்ற உரிமம் இடம் தராது. மேல் எடிஷனுக்குக் காசு கட்ட வேண்டும். எனக்கு அது தேவையற்ற செலவாகத்தான் படுகிறது, ஏனென்றால் தமிழில் தட்டச்சு செய்ய இந்தத் தடை கிடையாது. வேறு எடிஷன் என்றால் தமிழ் மொழித் தொகுப்பை இறக்கிக்கொள்ளலாம். ஃபோன் ஹாட்ஸ்பாட்டில் இறங்காமல் நிற்கிறது என்றால் அந்த இணைப்பின் மீட்டர்டு செட்டிங்கை (டேட்டாவைச் சிக்கனமாகச் செலவிட வைப்பது) அணையுங்கள். தமிழ் வந்தபிறகும் சில மெனுக்கள் ஆங்கிலத்தில்தான் இருக்கும், அது கோளாறு இல்லை.

## அறிகுறி 5: ஒரே எக்செல் ஃபைல், இரண்டு பேர் திறந்தால் இரண்டு தேதி

இது யாருக்கும் கோளாறாகவே தோன்றாது, மாதக் கடைசியில் பசுந்தேயிலைக் கணக்கு ஒத்துவராதபோதுதான் தெரியும். சிறு விவசாயிகள் கொண்டுவந்த இலையின் எடைப் பட்டியல் சிஎஸ்வி ஃபைலாக (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்து ஃபைல்) வருகிறது. பகல் ஆள் திறந்தால் ஜூலை 4, இரவு ஆள் திறந்தால் ஏப்ரல் 7.

காரணம், தேதி எழுதும் முறை ஒவ்வொரு கணக்குக்கும் தனித்தனி செட்டிங். அமெரிக்க ஆங்கிலம் உள்ள கணக்கு 04/07 என்பதை மாதம் முதலில் வைத்துப் படிக்கும்.

எப்படிக் கண்டுபிடிப்பது: தேதி நெடுவரிசையைப் பாருங்கள். சில தேதிகள் கட்டத்தின் வலப்பக்கமும் சில இடப்பக்கமும் ஒட்டி நின்றால் இதுதான். 12-க்கு மேல் மாதம் இல்லையே, அதனால் 13-ஆம் தேதி முதல் உள்ளவற்றை எக்செல் தேதியாக ஏற்காமல் வெறும் எழுத்தாக இடப்பக்கம் தள்ளிவிடும். 12 வரை உள்ளவை வலப்பக்கம் சாதுவாக நிற்கும், அவைதான் தப்பு. கண்ணுக்குச் சரியாகத் தெரிவதுதான் கெட்டுப்போனது என்பது இதன் விசேஷம்.

சரிசெய்வது: அந்தக் கணக்கில் செட்டிங்ஸில் மொழி, பிராந்தியப் பகுதியில் ரீஜனல் ஃபார்மட்டை இங்கிலீஷ் இந்தியா என்று மாற்றுங்கள். லட்சத்துக்குரிய காற்புள்ளியும் அப்போதே சரியான இடத்துக்கு வரும். ஆனால் ஏற்கெனவே எக்செல்லாகச் சேமித்த ஃபைல் தானாகத் திருந்தாது. மூல சிஎஸ்வியை மறுபடி திறந்து புதிதாகச் சேமியுங்கள். மூலமே இல்லையென்றால் இது கணினிக்காரர் வேலை அல்ல, ரசீதுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு உட்காரும் கணக்கர் வேலை.

புதுக் கணக்குகளுக்கு இந்தத் தொல்லை வராமலிருக்க, முதல் அறிகுறியில் சொன்ன காப்பி செட்டிங்ஸில் இரண்டாவது கட்டத்தையும் டிக் செய்துவிடுங்கள்.

## அறிகுறி 6: தமிழ் சரியாக வரவில்லை

தமிழே வரவில்லை. மொழிப் பட்டியலில் தமிழைச் சேர்த்திருப்பீர்கள், உங்கள் கைக்குப் பழகிய கீபோர்டைச் சேர்த்திருக்க மாட்டீர்கள். தமிழுக்குப் பக்கத்திலுள்ள மூன்று புள்ளிகளை அழுத்தி, லாங்குவேஜ் ஆப்ஷன்ஸுக்குள் கீபோர்டைச் சேருங்கள். தமிழ் 99, அஞ்சல், ஃபொனெடிக் எல்லாம் இப்போது விண்டோஸிலேயே உண்டு. பழைய தட்டச்சுப் பள்ளியில் டைப்ரைட்டிங் படித்தவர்களின் விசை அமைப்பு மட்டும் அதில் இல்லை, அவர்களுக்குத் தமிழ் தட்டச்சு மென்பொருளான என்எச்எம் ரைட்டர்தான்.

தமிழ் வருகிறது, ஆனால் சம்பந்தமே இல்லாத எழுத்து வருகிறது. என்எச்எம் ரைட்டரும் விண்டோஸின் தமிழ்க் கீபோர்டும் ஒரே நேரத்தில் இயங்குகின்றன. ஒன்று போதும். ரைட்டரைப் பயன்படுத்தும்போது விண்டோஸ் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும்.

பழைய ஃபைலைத் திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரிகிறது. அது யூனிகோடு (எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு) அல்ல. வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்தது. தமிழ்நாடு அரசு 2010-இல் யூனிகோடைத் தரமாக ஏற்றுக்கொண்டது, ஆனால் பழைய மனுக்களும் திருமண அழைப்பிதழ் மாதிரிகளும் இன்னும் பழைய எழுத்துருவில்தான் கிடக்கின்றன. படிக்க மட்டும் என்றால் அந்த எழுத்துருவை நிறுவினால் போதும். திருத்த வேண்டும் என்றால் கன்வர்ட்டரில் போட்டு யூனிகோடாக மாற்றிக்கொள்ளுங்கள்.

அந்த எழுத்துரு ஒரு கணக்கில் வருகிறது, இன்னொன்றில் வரவில்லை. ஜெராக்ஸ் கடைகளில் அடிக்கடி பார்ப்பது. 2018-க்குப் பிறகு வந்த விண்டோஸில் எழுத்துருவை இரட்டைக் கிளிக் செய்து இன்ஸ்டால் என்று அழுத்தினால் அந்தக் கணக்குக்கு மட்டும்தான் ஏறும். எழுத்துரு ஃபைல் மீது வலது கிளிக் செய்து, இன்ஸ்டால் ஃபார் ஆல் யூசர்ஸ் என்பதைத் தேர்ந்தெடுங்கள். அட்மின் பாஸ்வேர்டு கேட்கும்.

எழுத்துரு இருக்கிறது, ஆனாலும் பழைய மென்பொருள் மட்டும் குழப்புகிறது. கன்ட்ரோல் பேனலில் ரீஜன், அட்மினிஸ்ட்ரேட்டிவ், சேஞ்ச் சிஸ்டம் லொக்கேல் என்று போய், அங்கே யூடிஎஃப்-8 பற்றிய பீட்டா கட்டம் டிக் ஆகியிருந்தால் எடுத்துவிடுங்கள். ஏதோ வீடியோவைப் பார்த்து யாராவது அதை டிக் செய்திருப்பார்கள். ரீஸ்டார்ட் தேவை.

அடித்துக்கொண்டிருக்கும்போதே மொழி மாறுகிறது. இடது ஆல்ட்டும் ஷிஃப்டும் விரல் தவறிச் சேர்ந்து விழுகின்றன. டைப்பிங், அட்வான்ஸ்டு கீபோர்டு செட்டிங்ஸ், இன்புட் லாங்குவேஜ் ஹாட் கீஸ் என்று போய் அந்தச் சேர்க்கையை நீக்குங்கள். அதே அட்வான்ஸ்டு பக்கத்தில் ஒவ்வொரு ஆப்புக்கும் தனி மொழி என்ற கட்டமும் இருக்கும். அது டிக் ஆகியிருந்தால் வேர்டில் தமிழ், பிரவுசரில் ஆங்கிலம் என்று தானாக மாறிக்கொண்டே இருக்கும்.

கூடலூரில் இது இன்னும் சிக்கல். மூன்று மாநிலம் சந்திக்கும் இடம், கடைக் கணினியில் தமிழ், மலையாளம், கன்னடம், ஆங்கிலம் நான்கும் இருக்கும். விண்டோஸ் விசையும் ஸ்பேஸும் தட்டித் தட்டிச் சுற்றுவதற்குள் வாடிக்கையாளர் பொறுமை இழந்துவிடுவார். அதே ஹாட் கீஸ் இடத்தில் ஒவ்வொரு மொழிக்கும் இடது ஆல்ட், ஷிஃப்ட், ஓர் எண் என்று வைத்துவிட்டால் நேராகப் போகலாம். அதைவிட நல்லது, மலையாளம் அடிப்பவருக்கு ஒரு கணக்கு, கன்னடம் அடிப்பவருக்கு ஒரு கணக்கு.

விசை மெதுவாக வேலை செய்கிறது, அழுத்திப் பிடித்தால்தான் எழுத்து விழுகிறது. வலது ஷிஃப்டை எட்டு வினாடி பிடித்திருந்தால் ஃபில்டர் கீஸ் இயங்கத் தொடங்கும். அணுகல் பகுதியில் கீபோர்டுக்குள் போய் அணையுங்கள். ஈரமான கீபோர்டு என்று நினைத்துப் புதிது வாங்கியவர்களும் உண்டு.

## அறிகுறி 7: மாற்றிய செட்டிங் நிற்கவில்லை

பர்சனலைசேஷன் பக்கமே மங்கிக் கிடந்து, மூலையில் ஆக்டிவேட் விண்டோஸ் என்று இருந்தால் உரிமம் இல்லை, வேறு வைத்தியம் கிடையாது. சில செட்டிங்குகளை உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது என்று வந்தால், அக்கவுன்ட்ஸில் பள்ளி அல்லது வேலைக் கணக்கு ஏதாவது ஒட்டியிருக்கிறதா பாருங்கள். பிள்ளையின் பள்ளிக் கணக்கை வீட்டுக் கணினியில் போட்டிருந்தால் இது வரலாம்.

வீட்டில் மாற்றினால் அலுவலகத்திலும் மாறுகிறது என்றால் இரண்டிலும் ஒரே மைக்ரோசாஃப்ட் கணக்கு. அக்கவுன்ட்ஸில் விண்டோஸ் பேக்கப் பகுதியில் ரிமெம்பர் மை ப்ரிஃபரன்சஸ் என்பதற்குள் மொழி விருப்பத்தை மட்டும் அணைக்கலாம். (விண்டோஸ் 10-இல் சின்க் யுவர் செட்டிங்ஸ்.) நீக்கிய கீபோர்டு மறுபடி மறுபடி முளைப்பதற்கும் பல நேரம் இதுவே காரணம்.

ரீஸ்டார்ட் செய்தால் எல்லாமே நேற்றைய நிலைக்குத் திரும்புகிறது, சேமித்த ஃபைல்கூட இல்லை என்றால், கடிகாரத்துக்குப் பக்கத்தில் வெள்ளைக் கரடி படம் இருக்கிறதா பாருங்கள். டீப் ஃப்ரீஸ் என்ற மென்பொருள் அது. கோத்தகிரியில் கரடி தெருவுக்கு வருவது வழக்கம்தான், டாஸ்க்பாரில் வந்தால் மட்டும் யாரும் கவனிப்பதில்லை. பிரவுசிங் சென்டரிலும் பள்ளி ஆய்வகத்திலும் வாங்கிய பழைய கணினிகளில் இது இருக்கும். பாஸ்வேர்டு விற்றவரிடம்தான் இருக்கும், அவரைக் கேளுங்கள்.

## அறிகுறி 8: வேலையை விட்டுப் போனவரின் கணக்கு இன்னும் இருக்கிறது

நீக்கு என்பதை அழுத்தினால் கணக்கோடு அவருடைய டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ் எல்லாமும் போகும், ரீசைக்கிள் பின்னில்கூட இருக்காது. முதலில் அவருடைய ஃபோல்டரை நகல் எடுங்கள். அவர் கணக்குதான் ஒரே அட்மினா என்று பாருங்கள். அப்படி இருந்தால் வேறு ஒருவருக்கு அட்மின் உரிமை கொடுத்து, அந்தப் புது அட்மின் கணக்கில் ஒரு முறை நுழைந்து பார்த்துவிட்டு, பிறகு பழையதைச் சாதாரணக் கணக்காக இறக்கிப் பாஸ்வேர்டை மாற்றுங்கள். ஒரு தணிக்கை முடியும்வரையாவது அப்படியே கிடக்கட்டும்.

மிச்சமிருப்பவர்கள் எல்லோருக்கும் அட்மின் உரிமை கொடுக்கும் பழக்கமும் வேண்டாம். பிரின்டர் சேர்க்கும்போது பாஸ்வேர்டு கேட்கிறதே என்று கொடுப்பார்கள், பிறகு கண்ட டூல்பாரும் ஏறிவிடும். அட்மின் கணக்கு ஒன்று தனியாக, பாஸ்வேர்டு முதலாளியிடம், தினசரி வேலைக்குச் சாதாரணக் கணக்குகள்.

## ஆள் வரும்போது

கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவு ஏறி ஒருவர் வருகிறார் என்றால் அவருக்குத் தேவையானது கையில் இருக்கட்டும்: திரையில் வந்த செய்தியை ஃபோனில் எடுத்த படம், அட்மின் கணக்கின் பாஸ்வேர்டு, பிட்லாக்கர் எண், நகல் எடுக்கக் காலியான ஹார்டு டிஸ்க், கடைசியாகக் கரன்ட் போனது எப்போது என்ற தகவல். வந்தவர் ஃபார்மட் என்று ஆரம்பித்தால், யூசர்ஸ் ஃபோல்டர் முழுவதையும் நகல் எடுத்து, அந்த நகலை வேறு ஒரு கணினியில் திறந்து காட்டச் சொல்லுங்கள். உங்கள் ஃபைல்களில் நாலைந்தையாவது நீங்களே திறந்து பார்த்தபிறகு சம்மதம் சொல்லலாம்.